சோதனை வாசல்

சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் இளையவன் என் முன்னால் வந்து இரண்டு கைகளையும் தூக்குவான். கிடங்கு வாசல் காவலாளி நான் தடவிப் பார்ப்பேன்: கக்கம், இடுப்பு, கால்சட்டை மடிப்பு, கடைசியில் செருப்பு. பதினைந்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். இரண்டு வருஷமாக எனக்கும் என் பிள்ளைக்கும் உள்ள பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

கிடங்கில் இருப்பது மெமரி சிப். விரல் நகத்தைவிடச் சின்னது. ஒரு காலத்தில் தங்கம் மாதிரி இரும்புக் கூண்டில் பூட்டி வைத்திருந்தார்கள். அப்போதுதான் மூத்தவனின் சாப்பாட்டு டப்பா மூடிக்குள் நான்கு சிப் பார்த்தேன். பெற்ற பிள்ளையென்று பார்க்கவில்லை, மேலே சொல்லிவிட்டேன். எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். இளையவன் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு அவனோடு போய்விட்டான். வயிறு கேட்காதே, வேலைக்கு மட்டும் இங்கேயே வருகிறான்.

இப்போது விலை விழுந்துவிட்டதாம். எப்படி விழுந்தது, யார் தள்ளிவிட்டார்கள் என்று கேட்டால் ஒருத்தனுக்கும் பதில் தெரியாது. முன்பு வாரத்துக்கு ஒரு வேன் வரும், துப்பாக்கிக்காரனோடு. இப்போது நாளுக்கு ஒன்பது லாரி. அந்தக் கூண்டு நிரம்பி, கக்கூஸ் வாசல்வரை அட்டைப்பெட்டி. நேற்று ஒரு பெட்டி உடைந்து கொட்டியது. துடைப்பத்தால் கூட்டி வாளியில் அள்ளினார்கள். என் பிள்ளையின் எட்டு மாதம் அந்த வாளியில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று மதியம் சூப்பர்வைசர் வந்தார்.

"பெருசு, இனிமே யாரையும் தடவ வேண்டாம். அந்த நேரத்துல ரெண்டு லாரி எறக்கிடலாம்."

"திருடினா?"

"திருடிட்டுப் போகட்டும். யார் வாங்குவான்? நீ கேட்டைத் தொறந்துவிடு, போதும்."

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி எல்லோரும் ஓடினார்கள். "என்ன பெருசு, கிச்சுகிச்சு மூட்ட ஆளில்லாமப் போச்சே!" என்றான் ஒருத்தன். நான் யாரையும் நிறுத்தவில்லை. கடைசியாக இளையவன் வந்தான். என்னைத் தாண்டி ஓரடி போயிருப்பான். என் வாய் என்னைக் கேட்காமலே, "நில்லுப்பா" என்றது.

நின்றான். ஓடுகிறவர்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அத்தனை பேரையும் விட்டுட்டு என்னை மட்டுமா?"

அவன் அண்ணன் குரல் மாதிரியே இருந்தது. சந்தேகம் இல்லடா என்று சொல்ல வந்தேன். அப்புறம் எதற்கு நிறுத்தினாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தான். இரண்டு பருக்கை விழுந்தது. சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினான். பிறகு கைகளைத் தூக்கினான், இதுவரை தூக்காத உயரத்துக்கு.

பின்னால் அடுத்த லாரி ஹாரன் அடித்தது. திறந்த கேட்டை மறித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். என் கை அவன் கக்கத்துக்கு அரையடி தள்ளி, அந்தரத்தில் நின்றது.