ஹோல்டால் முதலில் புறப்பட்டது

பட்டாபிராமன் என்பது அவருடைய முழுப்பெயர், ஆர்.கே.புரத்து அரசாங்கக் குடியிருப்பில் அனைவருக்கும் அவர் பட்டாபி. மத்திய அரசில் பிரிவு அதிகாரியாகப் பணியாற்றிய அவர், சித்திரை வெயிலிலும் குடையின்றிப் பஸ் ஏறமாட்டார். குடை பழுதாகுமாயின் உதவட்டும் என்று கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டும் வைத்திருப்பார். காலையில் பல் துலக்கியதும் அவர் செய்யும் முதற்காரியம், கூடத்துச் சுவரில் தொங்கும் பாரோமீட்டரை ஆள்காட்டி விரலால் தட்டிப் பார்ப்பது. சாந்தினி சௌக்கில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய அக்கருவியின் முள் சற்றே 'மழை'ப் பக்கம் சாய்ந்துவிட்டால், அன்று அவர் வீட்டில் வடாம் காயாது.

இத்தகைய மனிதர், மனைவி அனந்தலக்ஷ்மியைப் பத்ரிநாதத்திற்கு அழைத்துச் செல்வதாக ஆண்டுதோறும் திட்டமிட்டு வந்தார். ரிஷிகேசம் வரை ரயிலா பஸ்ஸா, ஜோஷிமடத்திற்கு அப்பால் பாதை அடைபட்டால் ஜீப்பா கோவேறு கழுதையா என்பன யாவும் அவருக்கு மனப்பாடம். ஆயினும் புறப்படும் நாள் நெருங்கும்போதெல்லாம் மலையில் எங்கோ மழை பெய்யும். பட்டாபி திட்டத்தை மடித்து வைத்துவிடுவார். இப்போதோ, வருகிற தை மாதத்தோடு அவர் ஓய்வு பெறுகிறார். பிறகு கும்பகோணத்து வாசம். அங்கிருந்து இவர் இமயமலைக்குக் கிளம்புவார் என்று நம்புவதற்கு அனந்தலக்ஷ்மி தயாராக இல்லை.

"இந்தப் புரட்டாசி போனா அவ்வளவுதான்னா. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். கேட்கமாட்டேன் என்ற அச்சொல் பட்டாபியின் உள்ளத்தில் தைத்தது. அன்றே கரோல்பாக் சென்று, பல்தேவ் சிங் என்பவர் நடத்திய யாத்திரை பஸ்ஸில் இரண்டு இடங்கள் பதிவு செய்தார்.

பஸ் புறப்படுவது செவ்வாய்க்கிழமை. அன்று வடக்கே சூலம்; அத்திசைப் பயணம் ஆகாது. பத்ரியோ வடக்கே. ஆகவே பரஸ்தானம் வைப்பது என்று முடிவாயிற்று. நல்ல வேளையில் மூட்டையை மட்டும் வேறொருவர் வீட்டிற்கு அனுப்பிவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்நாளில் கிளம்பினாலும் குற்றமில்லை; மூட்டை மட்டும் வீடு திரும்பலாகாது.

திங்கட்கிழமை காலை, படுக்கையோடு சாமான்களையும் சுருட்டிக் கட்டிய பருத்த ஹோல்டால் ஒன்று எதிர்வீட்டு மகாதேவனின் கூடத்தைச் சென்றடைந்தது. மூட்டை முன்னே செல்ல வேண்டுமென்பது முறையாதலால், "பஸ் வந்ததும் எங்களுக்குக் காத்திராமல் எதிர்வீட்டுச் சாமானை முதலில் ஏற்றிவிடு" என்று பல்தேவ் சிங்கின் ஆளுக்குப் பட்டாபி இந்தியில் மும்முறை வலியுறுத்தியிருந்தார்.

அன்று மாலையே மகாதேவன் வீட்டுத் தொலைபேசியில் செய்தி வந்தது: மலைச்சரிவு, பஸ் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று.

மறுநாள் விடியற்காலையில்தான் அனந்தலக்ஷ்மிக்கு நினைவு வந்தது: காப்பி பில்டர் ஹோல்டாலுக்குள் இருந்தது. பட்டாபியின் க்ஷவரப் பெட்டியும் அதனுள்ளேயே. வானிலை கேட்கும் டிரான்சிஸ்டரும் அதனுள்ளேயே. ஹோல்டாலுக்குள் புகுந்தது எதுவும் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்பதில் பட்டாபி உறுதியாக நின்றார். வேறு பில்டரில் இறங்கிய காப்பியோ அவர் தொண்டையில் இறங்காது. ஆதலால் தம்பதியர் பால் பாத்திரத்துடன் எதிர்வீட்டிற்கு நடந்தனர்.

"வாங்கோ மாமி, பத்ரி வந்தாச்சு. ஷூவைக் கழட்டிட்டு உள்ளே வாங்கோ!" என்று வரவேற்றாள் மகாதேவனின் மனைவி விசாலாக்ஷி.

"குளிருக்கு அடக்கமா இருக்குடி உங்காத்துப் பத்ரி" என்றாள் அனந்தலக்ஷ்மி.

மகாதேவன் முகம் கழுவும் தொட்டியருகே வரிசையில் நின்றார். "ஓய் பட்டாபி, ஜல்தி! என் கண்ணாடி, என் சோப்பு, என் ஆபீசுக்கு நேரம் ஆறது. நீர் என்னமோ தர்மசத்திரத்திலே இறங்கின மாதிரி க்ஷவரம் பண்ணிண்டிருக்கீர்."

வெள்ளிக்கிழமையும் பஸ் போகவில்லை; ஒரு பாலத்தின்மீது வெள்ளம். மூன்றாவதாக அடுத்த செவ்வாய் குறிக்கப்பட்டது. பாதை திறந்துவிட்டது என்று பல்தேவ் சிங்கே தொலைபேசியில் முழங்கினார். திங்கள் மாலை தில்லி வானம் துடைத்த தாம்பாளமாய் ஒளிர்ந்தது. ஆனால் பாரோமீட்டரின் முள் மயிரிழை சாய்ந்திருந்தது. பட்டாபி மறுபடியும் தட்டினார். அது மேலும் சாய்ந்தது. எதிர்வீட்டிற்குச் சென்று, நாங்கள் அடுத்த பஸ்ஸில் வருகிறோம் என்று பல்தேவ் சிங்கிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்தார்.

"ஆர்.கே.புரத்துச் சுவத்தைத் தட்டினா பத்ரிலே மழை நிக்குமா?" என்று அனந்தலக்ஷ்மி கேட்டாள். பத்ரியில் உடுத்துவதற்கென மடித்து வைத்திருந்த பட்டுப்புடவையை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, தோளில் துண்டும் கையில் வெந்நீர்ச் செம்புமாகப் பட்டாபி எதிர்வீட்டினுள் நுழைந்தார். ஹோல்டால் இருந்த மூலை வெறிச்சோடியிருந்தது.

"விசாலம்! எங்க ஹோல்டால் எங்கே?"

"இப்பத்தானே மாமா, பஸ்காரன் வந்து தூக்கிண்டு போனான். நீங்கதான் எங்களுக்காக நிக்காதே, முதல்லே சாமானை ஏத்துன்னு சொல்லியிருந்தேளாமே! நீங்க கீழே பஸ்ஸிலே உக்காந்திருக்கேள்னு நெனச்சேன்."

பஸ்ஸில் இடம் வேண்டாமென்ற தாம், மூட்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் பட்டாபிக்கு விளங்கிற்று. மகாதேவன் தொலைபேசியைச் சுழற்றினார். மறுமுனையிலிருந்து பல்தேவ் சிங்கின் குரல் அறை முழுதும் கேட்டது: "அச்சா பாபுஜி! உங்கள் பிஸ்தரா மூட்டை சௌக்கியமாகப் போகிறது. உங்கள் இரண்டு இடமும் காலிதானே? என் ஆள் அதை ஜன்னலோரமாக உட்கார வைத்துவிட்டான். பஸ் இன்றிரவு ரிஷிகேசத்தில் தங்கும்."

பால் பாத்திரத்தோடு பின்னால் வந்து நின்ற அனந்தலக்ஷ்மி சிரிக்கத் தொடங்கினாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "ஜன்னலோரமா! என் பில்டர் மலையேறிப் போறதுடீ!" விசாலாக்ஷி அவள் தோளைப் பற்றிக்கொண்டு சிரித்தாள். மகாதேவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்தார். "அதுக்குப் பாரோமீட்டர் பாக்கத் தெரியலை ஓய், கிளம்பிடுத்து!" பட்டாபிக்கும் சிரிப்பு பொங்கிவந்தது, செம்பிலிருந்த வெந்நீர் பாதி தரையில் சிந்திற்று.

சிரிப்பினூடே அனந்தலக்ஷ்மி சொன்னாள்: "போகட்டும்னா. நம்மாத்திலேர்ந்து அதுவாவது பெருமாளைச் சேவிச்சுட்டு வரட்டும்."

பட்டாபியின் சிரிப்பு நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அவளோ புடவைத் தலைப்பால் விழியோரத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள். அது சிரித்து வந்த நீர்தான் என்று அவரால் துணிந்து சொல்ல இயலவில்லை.

செம்பை மேசைமேல் வைத்துவிட்டு, அவர் தம் வீட்டிற்குச் சென்றார். பாரோமீட்டரைக் கடந்தபோது விரல் தானாக உயர்ந்தது, தட்டாமல் தாழ்ந்தது. அலமாரியின் அடித்தட்டிலிருந்த பட்டுப்புடவையை ஒரு பையில் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டித் திரும்பி வந்தார்.

"காஷ்மீரி கேட்டிலே ரிஷிகேசத்துக்குச் சாதாரண பஸ் இருக்குமோல்லியோ?" என்று மகாதேவனைக் கேட்டார்.

"இருக்கும். ஆனா இன்னிக்குச் செவ்வாக்கிழமை. வடக்கே சூலமாச்சே ஓய்?"

"நம்ம பிரயாணம்தான் போன திங்கட்கிழமையே ஆரம்பிச்சாச்சே."

"உங்க குடை எங்கேன்னா?" என்று அனந்தலக்ஷ்மி வியந்து கேட்டாள்.

"ஆத்துலேயே இருக்கட்டும். மழை பெய்ஞ்சா நனைவோம். வா, போகலாம்" என்றார் பட்டாபி.