பாரவண்டி முனுசாமியின் காது

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஃபிளெக்ஸ் கடையில் தேவயானிக்கு வேலை, செத்தவர்களுக்குச் சட்டை மாட்டிவிடுவது. துக்க வீட்டிலிருந்து யாராவது ரேஷன் கார்டையோ ஆதார் அட்டையையோ எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அதில் இருக்கிற துக்குணி முகத்தைப் பெரிதாக்கி, தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரிலேயே ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டு, கேட்டால் கழுத்தில் சங்கிலியும் போட்டு, பின்னால் நீல வானத்தை விரித்து, கண்ணீர் அஞ்சலி என்று அடித்துக் கொடுப்பாள். உயிரோடு இருந்தவரை நல்ல சட்டைக்கு வழியில்லாதவர்கள்கூட அவள் கைக்கு வந்ததும் மாப்பிள்ளை ஆகிவிடுவார்கள். இந்த வேலையில் அவளுக்குச் சிரிப்பும் உண்டு, கொஞ்சம் வருத்தமும் உண்டு.

அவளுடைய ஊர் காவாந்தண்டலம். அங்கே ஊராட்சி ஒரு படிப்பகம் கட்டி முடித்திருந்தது. அதற்குப் பாரவண்டி முனுசாமியின் பெயரை வைப்பதென்று தீர்மானம் போட்டிருந்தார்கள். முனுசாமி வெள்ளைக்காரன் காலத்துக் கொள்ளைக்காரர். சாலவாக்கம் பக்கமிருந்து நெல் ஏற்றிக்கொண்டு வரும் பார வண்டிகளை ஏரிக்கரையில் மறிப்பாராம். பஞ்ச காலத்தில் கூலிக்காரர் தெருவில் சில மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டு வண்டியை அனுப்பிவிடுவாராம். மாட்டை அடிக்கிற வண்டிக்காரனுக்கு மட்டும் கன்னத்தில் ஒன்று விழுமாம். கடைசியில் பிடிபட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் சிறையிலேயே செத்துப்போனார். அன்று முதல் அவரைத் திருடன் என்றே சொல்லிவந்த ஊர், இப்போது திடீரென்று தியாகி என்று சொல்ல ஆரம்பித்திருந்தது. ஊர் அப்படித்தான். காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் நம் பொழுதுதான் போகும்.

தேவயானியின் அப்பா சின்னப்பையன் அந்த முனுசாமியின் பேரன். அறுபத்தேழு வயது. பிறந்ததிலிருந்து அவருக்குப் பட்டம் கள்ளன் பேரன். யார் வீட்டு ஆடு காணாமல் போனாலும் இளவட்டமாக இருந்த காலத்தில் அவரைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். ஆடு பக்கத்துத் தோப்பில் மேய்ந்துகொண்டிருக்கும். அவர் பொழுது சாய்ந்து வீடு திரும்புவார். பெண் பார்க்கப் போன இடத்திலும் அந்தப் பட்டம் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

இப்போது படிப்பகத் திறப்பு விழாவில் முனுசாமியின் வாரிசுதான் படத்தின் திரையை விலக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. சின்னப்பையன் புது வேட்டி வாங்கி வைத்துவிட்டார். "ஒரு நாளாச்சும் அந்தப் பேர சொல்லி என்னெ மரியாதையா கூப்டட்டும்மா. அப்பால செத்தாலும் பரவால்ல" என்றார் மகளிடம். அவர் இவ்வளவு ஆசைப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

இடையில் புகுந்தார் ராஜாராம். ஊராட்சித் தலைவர், நிலபுலன் உள்ளவர், சின்னப்பையனோடு ஒரே வகுப்பில் படித்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் வீட்டுக் கூடத்தில் ஓடிப்போன பெரிய தாத்தாவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன அவர்தான் பெயரை மாற்றிக்கொண்டு முனுசாமி ஆனார் என்று ராஜாராமுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். திருடனாக இருந்தவரை யாருக்கும் வேண்டாத முனுசாமி, படிப்பகம் என்றதும் இரண்டு வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

இதைத் தீர்த்து வைக்க ஏனாத்தூரிலிருந்து வசந்த்குமார் வந்தான். பல்கலைக்கழகத்தில் சரித்திர ஆராய்ச்சி செய்கிறவன். பழைய ஆவணங்களைக் கிளறியபோது, முனுசாமி பிடிபட்ட அன்று போலீஸ்காரர்கள் எடுத்த படம் அவனுக்குக் கிடைத்திருந்தது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மொட்டைத் தலை, மழித்த முகம், வெற்று மார்பு, கையில் எண் எழுதிய சிலேட்டு. இரண்டு வீட்டுப் படங்களையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்றான்.

ஊராட்சி அலுவலகச் சுவரில் புரொஜெக்டர் போட்டார்கள். சின்னப்பையன் தன் வீட்டுச் சுவரிலிருந்த தாத்தா படத்தைத் துண்டில் சுற்றி, குழந்தையை ஏந்துவது மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். பெரிய தலைப்பாகை, முறுக்கு மீசை, காதோரம் நரை. வருஷா வருஷம் போகியன்று அவர் படையல் போடுவது அந்தப் படத்துக்குத்தான்.

"மீச, தலப்பா, தாடி, இதெல்லாம் மாறும்" என்று வசந்த்குமார் எல்லோருக்கும் விளக்கினான். "எலும்பு மாறாது. கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்ளோ தூரம், மூக்கு எங்க முடியுது, தாட எப்டி கீது, அதத்தான் பாக்கணும். எல்லாத்த விடவும் காது. வயசானா கொஞ்சம் தொங்கும், வடிவம் மாறாது."

முதலில் ராஜாராமின் பெரிய தாத்தாவைப் போலீஸ் படத்தின் மேல் வைத்தான். மூக்கு ஒரு பக்கம் போனது, தாடை இன்னொரு பக்கம் போனது. எதுவும் எதோடும் உட்காரவில்லை. "தலைவரே, இவரு வேற ஆளுங்க" என்று வசந்த்குமார் தயங்கித் தயங்கிச் சொன்னான். ராஜாராம் பெரிய தாத்தாவை எடுத்து மேசைமேல் குப்புற வைத்தார்.

அடுத்து சின்னப்பையன் கொண்டுவந்த படம். கண் உட்கார்ந்தது. மூக்கு கிட்டத்தட்ட உட்கார்ந்தது. சின்னப்பையன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். வசந்த்குமார் காதைப் பெரிதாக்கினான். போலீஸ் படத்தில் இருந்தவரின் காதின் கீழ்நுனி தனியாகத் தொங்கியது. சுவர்ப் படத்தில் இருந்தவரின் கீழ்நுனி கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அவன் மறுபடியும் மறுபடியும் வைத்துப் பார்த்தான்.

"இவரும் வேற ஆளுங்க ஐயா" என்றான் கடைசியில். அவனுக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

"அப்ப ரெண்டு வூட்டுக்கும் இல்ல" என்றார் ராஜாராம். "இன்னாத்துக்கு பேஜாரு. ஞாயித்துக்கெழம கூடி முடிவு பண்ணுவோம். பேர மட்டும் வெச்சிட்டு ஆபீசர் யாரையாச்சும் வுட்டுத் தொறந்துக்கலாம்."

அன்று சின்னப்பையன் சோற்றில் கை வைக்கவில்லை. படத்தைச் சுவரில் மாட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "இத்தினி வருஷமா நான் யாருக்குமா படையல் போட்டுக்கினு இருந்தேன்?" என்று கேட்டார். கொஞ்சம் கழித்து, "அப்ப நான் யாரு பேரன்?" என்றும் கேட்டார். திருடன் பேரன் என்று வாங்கிய அடியெல்லாம் வாங்கியாகிவிட்டது. இப்போது அதுவும் இல்லையென்றால் அந்த அடியை எந்தக் கணக்கில் வைப்பது.

மறுநாள் அவள் படத்தைக் கடைக்கு எடுத்துப்போனாள். ஸ்கேன் போட்டுத் தானும் ஒருதரம் பார்ப்பது என்று எண்ணம். கண்ணாடியைக் கழற்றி அட்டையைப் பிரித்தபோது, படத்தின் முதுகில் ஊதா மையில் முத்திரை தெரிந்தது. உத்திரமேரூர் ஸ்டூடியோ ஒன்றின் பெயர், கீழே 1958.

முனுசாமி செத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஸ்டூடியோவுக்கு நடந்து வந்திருக்க முடியாது.

அவள் ஸ்கேனைப் பெரிதாக்கினாள். மீசை முடி ஒவ்வொன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. தூரிகை இழுத்த கோடு. காதோர நரை வெள்ளைப் பொட்டு. மீசைக்குக் கீழே, இருபதைத் தாண்டிய ஒரு பையனின் உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. தலைப்பாகை மட்டும் நிஜம். ஸ்டூடியோக்காரர் ஆணியில் மாட்டி வைத்திருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கட்டிவிட்டதாக இருக்கும்.

தேவயானி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இதைத்தானே அவளும் செய்கிறாள். போன வாரம்கூட ஒருவர் வந்து, "எங்க நைனாவுக்கு போட்டோ கெடையாதும்மா. நான் அவரு ஜாடதான். என்னெயே எடுத்து வயசாக்கிக் குடு" என்று உட்கார்ந்தார். ஊருக்கு ஊர் நடப்பதுதான். படமில்லாமல் செத்தவருக்குப் படையல் போட, அவர் ஜாடையுள்ள பிள்ளை போய் உட்காரும். ஸ்டூடியோக்காரர் நரை தடவி, மீசை வைத்துக் கொடுப்பார். ஒரு தலைமுறை போனால் உட்கார்ந்தது யார் என்பதே மறந்துவிடும்.

முனுசாமிக்கு இருந்தது ஒரே பிள்ளை, வேதகிரி.

சிரிப்பு அப்படியே நின்றது. வேதகிரி சின்னப்பையனின் அப்பா. படம் எடுத்த மறுவருஷமே, ஐம்பத்தொன்பதில், கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்தவர். அப்போது சின்னப்பையன் கைக்குழந்தை. தன் அப்பா எப்படி இருப்பார் என்றே தெரியாது, ஒரு படம்கூட இல்லை என்பது அவருடைய ஆறாத குறை. ஊரிலுள்ள செத்தவர்களையெல்லாம் மாப்பிள்ளையாக்குகிற மகளிடம், "என் நைனாவுக்கு மட்டும் உன்னால ஒண்ணும் பண்ண முடியாது இல்ல?" என்று அவர் பலமுறை கேட்டிருக்கிறார்.

தேவயானி அன்று வேறு வேலை எதுவும் எடுக்கவில்லை. கோடு கோடாக மீசையை அழித்தாள். நரையை எடுத்தாள். புதிதாக எதையும் சேர்க்கவில்லை. பிறகு வசந்த்குமாருக்கு அனுப்பினாள். அவன் உடனே கூப்பிட்டான்.

"அக்கா, அப்பனும் புள்ளையுமா இருக்கலாம். கண்ணும் மூக்கும் நல்லா ஒத்துக்கீது. காது அம்மா வழியில வந்திருக்கலாம். ஆனா இத்த வெச்சி நிச்சயம்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. இருக்கலாம், அவ்ளோதான்."

"அது போதும்பா" என்றாள் அவள். போதுமா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பாவிடம் உடனே சொல்லவும் இல்லை. எல்லார் முன்னாலும் இதுவும் கவிழ்ந்துவிட்டால் அந்த மனுஷன் தாங்க மாட்டார் என்று பயம். வீட்டில் வாயைத் திறக்காமல் இருப்பதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை சின்னப்பையன் வரமாட்டேன் என்றார். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

தேவயானி சுருக்கமாகச் சொன்னாள். புரொஜெக்டரில் முத்திரையைக் காட்டினாள், தூரிகைக் கோட்டைக் காட்டினாள், மீசையை எடுத்த முகத்தைக் காட்டினாள். பக்கத்தில் நின்ற வசந்த்குமார் 'இருக்கலாம்' என்றுதான் சொன்னான் என்பதையும் மறைக்கவில்லை. "இது எங்க கொள்ளுத்தாத்தா இல்ல. அன்னிக்கி இந்தத் தம்பி சொன்னது சரிதான். இது அவரு புள்ள வேதகிரி. அவருக்குத்தான் மீச வரைஞ்சி வெச்சிக்கீறாங்க." கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "எங்க வூட்டுதுகூட அப்டித்தான் போலக்கீது" என்று ஒருவர் சொல்ல, இன்னும் சிலர் தலையாட்டினார்கள்.

ராஜாராம் சிரிக்கவில்லை. "அப்பன் புள்ளயா இருக்கலாம்னுதானே கம்ப்யூட்டர் சொல்லுது. நிச்சயமான அத்தாட்சி இன்னா கீது?"

"தலைவரே, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க" என்றாள் தேவயானி. "எங்கப்பாவ கள்ளன் பேரன்னு கூப்ட்டப்ப எவனாச்சும் போட்டோ கேட்டானா? ஸ்டேஷன்ல நிக்க வெச்சப்ப காத அளந்து பாத்தாங்களா? அன்னிக்கி ஊரே அடிச்சி சொல்லிச்சி, இவன் முனுசாமி பேரன்னு. உங்க வூட்ட அப்டி யாராச்சும் சொன்னாங்களா? அந்தப் பேரு திட்டா இருந்தப்ப எங்களுது. மாலையா ஆனதும் அத்தாட்சி வோணுமா?"

ராஜாராம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நானே கூப்ட்டுக்கீறேன்" என்றார். "நாலாங்கிளாஸ்ல. எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு, அவன் முனுசாமி பேரன், அவன் பக்கத்துல குந்தாதேன்னு. எங்க வூட்டுலயே தெரிஞ்சிக்கீது, முனுசாமி யாரு வூட்டு ஆளுன்னு." அவர் எழுந்து நின்றார். "போலீஸ் போட்டோவே படிப்பகத்துல இருக்கட்டும். நீ அதுக்கு சட்ட கிட்ட போடாத தேவயானி, சிலேட்டையும் எடுக்காத. சின்னப்பையன் வந்து தொறக்கட்டும்." பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்து, "நீங்கதான் தொறக்கணும். வாங்க, முன்னால வாங்க" என்றார். சின்னப்பையனை அவர் வாங்க என்று கூப்பிட்டதை அந்த ஊர் அன்றுதான் கேட்டது.

இவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த அந்த வார்த்தை சின்னப்பையன் காதில் விழவே இல்லை.

அவர் எழுந்து முன்னால்தான் வந்தார், ஆனால் ராஜாராமிடம் வரவில்லை. சுவரில் மீசை இல்லாத அந்த முகம் பெரிதாக விழுந்திருந்தது. தன்னைவிட, தன் மகளைவிடவும் சின்ன வயது. உதட்டோரம் அடக்கிய சிரிப்பு. கிட்டே போய்த் தொடப் போனார். அவருடைய நிழலே படத்தின் மேல் விழுந்து முகத்தை மறைத்தது. அவசரமாக ஒரு பக்கம் நகர்ந்தார். முகம் திரும்பி வந்தது.

பிறந்ததிலிருந்து யாரையும் பார்த்துச் சொல்லாத வார்த்தை ஒன்று அவரிடம் இருந்தது.

"நைனா" என்றார்.