ஸ்டெபி ஊருக்கு வந்த காரணம்

அந்தச் சனிக்கிழமை மாலை பாளையங்கோட்டை வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஓய்வுபெற்ற தாசில்தார் இஸ்ரவேல், மனைவி கிரேஸ், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மகள் ஸ்டெபி, ஸ்தோத்திர ஜெபம் நடத்த வந்த உபதேசியார் ஜாபேஸ், அடுத்த வீட்டுச் சாலோமி. சாலோமியை யாரும் அழைக்கவில்லை. யாரும் அழைத்து அவள் எந்த வீட்டுக்கும் போனதில்லை.

இஸ்ரவேல் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். எழுந்து மின்விசிறியைக் கூட்டினார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து குறைத்தார். எதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறோம் என்று நாளை ஆலயத்தில் வாசிக்க ஸ்தோத்திரச் சீட்டு எழுதித் தரவேண்டும். என்ன எழுதுவது?

மூன்று வாரத்துக்கு முன் ஸ்டெபி தனியாக வந்து இறங்கினாள். மறுநாளே, ஊருக்குத் தெரியாமல், கல்லோடு பித்தப்பையை எடுத்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம், "கோயில் அசனச் சாப்பாட்டுக்கு வந்திருக்கா" என்றார் இஸ்ரவேல். அசனம் முடிந்து அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் அவள் போகவில்லை. மாப்பிள்ளை மெர்வின் விரட்டிவிட்டான் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது.

"உள்ளதச் சொல்லிட்டா என்னப்பா?" என்று காலையில் ஸ்டெபி கேட்டாள்.

"பன்னிரண்டு வருசமா அமெரிக்கா, அமெரிக்கான்னு சொன்ன வாயால, அங்கன என் மவளுக்கு வைத்தியம் பாக்க வழியில்லன்னு சொல்லவா?"

மெர்வினுக்கு வேலை போனதோடு கம்பெனி இன்சூரன்சும் போயிற்று. சொந்தமாக வாங்கியதற்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தது. வரம்பைத் தாண்டியவர்களுக்கும் கூடுதலாகக் கொடுத்துவந்ததை வருடக் கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். வேறு வேலை தேடி இவர்கள் இப்போது சம்பாதிப்பது வருமான வரம்புக்குக் கொஞ்சம் மேலே. அதனால் இனி ஒரு சல்லி கிடையாது. முழுப் பணத்தையும் கட்ட முடியாமல் இன்சூரன்சை விட்டுவிட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் அங்கே கத்தி வைத்தால் வீட்டை விற்கவேண்டும்.

"ஓட்டுப் போட்டுத்தான ஆளுகள அனுப்பியிருக்கிய? போய்க் கேக்கதுக்கென்ன?"

"கேட்டோம்ப்பா. இந்தக் கட்சிக்காரன் அவனச் சொல்லுதான், அவன் இவனச் சொல்லுதான். ஆபீசுல கேட்டா, சட்டம் அப்படித்தாங்கான்."

"பொறுப்புன்னு ஒருத்தன் இருப்பாம்லா? கையெழுத்துப் போட்டவன் எவன்?"

ஸ்டெபி அவரையே பார்த்தாள். "ஐயம்பெருமாளுக்கு நீங்க போட்டீயளே, அந்த மாதிரி ஒருத்தன்தான்."

இஸ்ரவேல் ஸ்ரீவைகுண்டத்தில் தாசில்தாராக இருந்தபோது, ஏரலிலிருந்து வாழைத்தோட்டக் கூலிக்காரன் ஐயம்பெருமாள் வருமானச் சான்றுக்கு வந்தான். மனைவிக்கு அரசு காப்பீட்டில் ஆபரேஷன் செய்யவேண்டும். அவன் மகன் சம்பளத்தையும் சேர்த்தால் வரம்பைச் சற்றுத் தாண்டியது. வீட்டு வாசலுக்கே வந்து கும்பிட்டான். "சட்டத்துல இடமில்ல, வே" என்று சொல்லி, மனுவைத் தள்ளுபடி செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வாசலில் அப்போது கல்லூரி மாணவி ஸ்டெபி நின்றிருந்தாள். ஐயம்பெருமாளின் மனைவி பிழைத்தாளா என்று அவர் விசாரித்ததே இல்லை.

மாலை ஜெபத்தில் பாட்டு முடிந்தது. உபதேசியார் புத்தகத்தை மூடினார். "என்ன காரியத்துக்காக ஸ்தோத்திரம் பண்ணணும், ஐயா?"

"கலியாணமான பிள்ள, இம்புட்டு நாளா தனியா கெடக்கு" என்று சாலோமி முந்திக்கொண்டாள். "பிரிஞ்ச குடும்பத்துக்கும் ஒரு வார்த்த சேத்துக்கிடுங்கய்யா. அண்ணாச்சிக்குச் சொல்லக் கூச்சமா இருக்கும்."

"ஏன், நீ வந்து சேத்து வைக்கப் போறியாக்கும்?" என்றாள் கிரேஸ்.

"நான் நல்லதுக்குத்தானக்கா சொல்லுதேன்."

ஸ்டெபி தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அப்பா சொல்லச் சொன்ன பொய்யைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருந்தாள். குடும்ப மானம் என்று அவர் காத்தது இவள் தலையில் அல்லவா விழுந்திருக்கிறது?

இஸ்ரவேல் எழுந்தார். இந்த முறை மின்விசிறிப் பக்கம் போகவில்லை. மேசையிலிருந்து தாளை எடுத்து, நின்றபடியே எழுதினார். ஐயம்பெருமாளின் மனுவில் எழுதிய அதே நிமிர்ந்த கையெழுத்து. கீழே தேதி போட்டு ஒப்பமிட்டார்.

"இத நாளைக்கு அப்படியே வாசியும். ஒரு எழுத்து மாறக் கூடாது" என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டு, சாலோமியைப் பார்த்து உரக்கப் படித்தார்:

"என் மகள் ஸ்டெபியை அவள் கணவர் விரட்டிவிட்டார் என்பது பொய். அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள அவர்களுக்கு வசதி இல்லை. அதனால் இங்கே வந்து செய்துகொண்டாள். அசனத்துக்கு வந்தாள் என்று நான் சொன்னதும் பொய். செவ்வாய்க்கிழமை கணவரிடம் திரும்புகிறாள்."