ஸ்பர்ஜன் வாசிக்கும் ஞாயிறு

வியர்வையில் சட்டை ஒட்டிப்போன முதுகு, இரண்டு கைகளும் இரண்டு கால்களும் நாலு திசைக்கு ஓட முதுகு மட்டும் அசையாமல் இருக்கிறது, அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க பியூலாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, ஒன்பது வருடமாக மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு கோயிலின் இதே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பர்ஜனின் முதுகைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருக்கிறாள், ஆனாலும் பாவி மனிதன் என்னமாய் வாசிக்கிறான், ஆர்கனின் பெரிய குழாய்கள் உறுமத் தொடங்கினால் பெஞ்சுப் பலகை அதிர்ந்து தொடை வழியாக வயிற்றுக்குள் ஏறுகிறது, சின்னக் குழாய்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கூரைக்குப் போகின்றன, கண்ணை மூடினால் அவன் இல்லை, இசை மட்டும்தான், திறந்தால் மறுபடி அந்த முதுகு, மூடியே வைத்திருக்க வேண்டியதுதானே என்றால் அதுவும் முடியவில்லை, அவனை வெறுக்காமல் இந்த இசையை ரசிக்க அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது. இன்று பக்கத்தில் அம்மா வேறு உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் வம்பு.

அம்மா ஒன்பது வருடமாக இந்தக் கோயிலுக்குள் வரவில்லை, ஸ்பர்ஜன் வாசிக்கிற இடத்தில் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று அப்பாவை அடக்கம் செய்த அன்றே சொல்லிவிட்டாள், ஞாயிறுதோறும் ஆட்டோ பிடித்து ஊர்க்கோடிக் கோயிலுக்குப் போய் அங்கே கீபோர்டில் தட்டுகிறதைச் சகித்துக்கொண்டு வருவாள், இந்த ஆர்கனுக்காகவே இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள், கச்சேரி முடிந்து பியூலா வீட்டுக்கு வந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்பாள், என்னட்டி வாசிச்சான் அந்த மூதி, பியூலா சொல்வாள், வாயாலேயே முனகியும் காட்டுவாள், அம்மாவின் விரல்கள் நாற்காலிக் கையில் தாமாக ஓடும், அதைப் பார்க்கமாட்டாமல் பியூலா அடுப்படிக்குப் போய்விடுவாள், இப்போது அம்மாவுக்கு வலது காது போய்விட்டது, இடதும் கிறிஸ்மஸ் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், முழுசா அடைக்கதுக்கு முன்னால ஒருதடவ கேட்டுக்கிடுதேன், ஆனா அவன் மூஞ்சியப் பாத்தா நாலு வார்த்த கேக்காம விடமாட்டேன் என்று அம்மா காலையில் சொன்னதிலிருந்து பியூலாவுக்குச் சோறு இறங்கவில்லை, அம்மா கேட்டால் அவன் பதில் சொல்வான், சொன்னால் அவ்வளவுதான், ஏனென்றால் அப்பாவின் அடக்கத்துக்கு வாசிக்க மாட்டேன் என்று அவன் சொல்லவே இல்லை.

இசை தணிந்து ஒற்றைக் குழாயாக ஒழுகுகிறது, அது ஒன்பது வருடத்துக்கு முந்தின வீட்டுக் கேட்டின் கிறீச்சாக மாறுகிறது, வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் இடுக்கிய பாட்டுப் புத்தகங்களுமாக ஸ்பர்ஜன் கேட்டுக்கு வெளியே நிற்கிறான், உள்ளே அப்பா ஐஸ் பெட்டியில் கிடக்கிறார், இருபது வருடம் சபைச் செயலாளராக இருந்தவரை எலக்‌ஷனில் எதிர்த்து நின்று ஏழு ஓட்டில் ஜெயித்தவன் இவன், தோற்ற அப்பா கோயில் சாவிக்கொத்தை ஒப்படைக்காமல் வீம்புக்கு வைத்திருந்தார், வாசலுக்கு வேறு சாவி உண்டு, மோட்டார் ரூமுக்கு இது ஒன்றுதான், ஞாயிறுதோறும் தானே போய்த் திறந்துவிட்டார், மூன்றாம் மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, பியூலா, மோட்டார் ரூம் சாவி வேணும், மோட்டார் போட்டாத்தான் ஆர்கனுக்குக் காத்து ஏறும், ஐயாவுக்கு நான் வாசிக்கணும் என்கிறான், சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருக்கிறது, கொன்னவன் கையால எங்க அப்பாவுக்குப் பாட்டு வேண்டாம் என்று மனசுக்குள்ளே கத்துகிறாள், இங்க எந்தச் சாவியும் இல்ல, போங்க என்று வாய் சொல்கிறது, அவன் அவள் இடுப்பைப் பார்க்கிறான், கொத்தின் வளையம் சேலைக்கு வெளியே தெரிகிறது, பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறான், பிறகு சவப்பெட்டி கோயிலுக்குள் வருகிறது, வெறுங்கால்களின் சத்தம் மட்டும், அம்மா நடுவழியில் நின்றுவிட்டாள், ஏட்டி, ஆர்கன் ஏன் வாசிக்கல, வாசிக்க மாட்டேன்னுட்டாம்மா என்றாள் பியூலா, அன்று சாயங்காலமே ஊர் முழுக்க அதுதான் பேச்சு, மறுநாள் சாவிக்கொத்தை யாரும் பார்க்காமல் கோயில் ஆபீஸ் மேஜையில் போட்டுவிட்டு வந்தாள், இன்றைக்குச் சொல்வான் நாளைக்குச் சொல்வான் என்று ஒன்பது வருடம் காத்திருந்தாள், அவன் மூச்சு விடவில்லை, சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம், இந்தப் பெரிய மனுஷத்தனம்தான் அவளுக்கு ஆகவே ஆகாது.

கடைசி முழக்கம் கோயிலை நிரப்பி நின்று ஓய்கிறது, யாரும் கைதட்டவில்லை, இந்தக் கோயிலில் அந்தப் பழக்கம் கிடையாது, எங்கோ ஒரு இருமல், வாங்கம்மா போவோம் என்று பியூலா முழங்கையைப் பிடிக்கிறாள், அம்மா உதறிவிட்டு நேராக ஆர்கனுக்குப் போகிறாள், எண்பத்திரண்டு வயதுக் கால்கள் அவ்வளவு வேகமாகப் போகும் என்று பியூலா நினைக்கவில்லை, ஏல ஸ்பர்ஜன், ஓய்வுநாள் பள்ளியில ஒனக்கு வசனம் சொல்லிக்குடுத்தவ வந்திருக்கேன், என் காது போவுது, அதுக்கு முன்ன நீ பதில் சொல்லு, எங்க வீட்டுக்காரர் பெட்டிக்கு வாசிக்க ஒனக்கு ஏன் கை வரல என்று கேட்கிறாள், அவன் எழுந்து நிற்கிறான், தலை முழுக்க நரைத்திருக்கிறது, அம்மாவின் தோளுக்கு மேலாக பியூலாவைப் பார்க்கிறான், அவள் வாயைத் திறக்கிறாள், இப்போது சொல்லிவிடலாம், ஒரே ஒரு வரி, நாக்கு புரள மறுக்கிறது, அவன் குனிந்து அம்மாவின் இடது காதுப் பக்கம் சத்தமாகவே சொல்கிறான், தப்புதான் டீச்சர், எலக்‌ஷன் கோவத்துல வாசிக்கல, மன்னிச்சிருங்க.

அப்பா செத்த அன்றுகூட பியூலா அவனை இப்படி வெறுத்ததில்லை, அவளுடைய பொய்யைக்கூட அவளிடம் விட்டுவைக்காமல் எடுத்துக்கொண்டுவிட்டான், அம்மா அந்த நரைத்த தலையில் கையை வைத்தாள், சரி, உக்காரு, அன்னைக்கு வாசிக்காதத இன்னைக்கு வாசி என்றாள், திரும்பி வந்து பியூலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள், அடக்கப் பாட்டு தொடங்குகிறது, பெஞ்சு அதிர்கிறது, ஒன்பது வருடம் முறைத்த முதுகை இப்போது நிமிர்ந்து பார்க்க முடியாமல் பியூலா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், காது மந்தமானவர்களின் உரத்த குரலில், முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்க்க, அம்மா அவள் கையைத் தட்டிச் சொன்னாள், பாத்தியாட்டி, மனுசன்னா இப்படி ஒத்துக்கிடணும்.

ஆமாம்மா என்றாள் பியூலா.