பெயர் சொல்லாமல் கேட்ட கேள்வி

“பிளாட்டருக்கு உன்னத் தெரியுமாடி?”

தையல் ஆலையில் சேர்ந்த முதல் வாரம், துணி அளவு வரையும் தலெந்தா அக்கா என்னிடம் இப்படிக் கேட்டாள். துணி வெட்டுவதற்கான அளவுகளை ஆள் உயரக் காகிதத்தில் வரைந்து தள்ளும் இயந்திரம்தான் பிளாட்டர். வரைந்த காகிதத்தைச் சுருட்டி வெட்டும் கூடத்துக்குத் தூக்கிப் போவது என் வேலை. இயந்திரத்துக்கு ஆளைத் தெரியுமா என்று கேட்டால் என்ன சொல்வது? எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவள் நான். ஆசிரியர் பெயர் கூப்பிட்டாலே பெஞ்சுக்குக் கீழே குனிந்துகொள்வேன். கையிலிருந்த காகிதத்தை இன்னும் இறுக்கிச் சுருட்டினேன்.

“சொன்னாத்தான் தெரியும்,” என்று கம்ப்யூட்டர் திரையில் இருந்த கறுப்பு ஜன்னலில் ஒரு வரி அடித்தாள். அந்த ஜன்னலில் படம் கிடையாது, அமுக்கப் பொத்தான் கிடையாது. எழுத்து மட்டும்தான். “இப்ப நீ பிளாட்டர் குழுவுல சேந்துட்டடி மப்ரூக்கா. ஒரு தடவ வெளிய போயிட்டு வா.”

நான் எழுந்து கதவைத் தாண்டி நடைபாதையில் போய் நின்றேன். உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“அடி கழுத, நீ இல்ல! கம்ப்யூட்டர்ல இருந்து வெளிய போயிட்டு மறுபடி உள்ள வா. நுழையறப்ப மட்டும்தான் அது நீ எந்தெந்தக் குழுன்னு பாக்கும். அப்புறம் நீ வெளிய போற வரைக்கும் அதையே நம்பிட்டு இருக்கும்.”

எங்கள் ஊர் க்ஸார் ஹெல்லாலில் எங்களுடையதைப் போல நூறு ஆலைகள் இருக்கும். அளவு வரையும் பெண்ணே, எல்லாக் கம்ப்யூட்டரையும் கட்டி மேய்க்கும் சர்வரையும் பார்த்துக்கொள்ளும் ஆலை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். எந்த ஆள் எந்தக் கம்ப்யூட்டரில் உட்காரலாம், எந்த இயந்திரத்துக்கு வேலை அனுப்பலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது குழுக்கள்தான். தலெந்தா யாரிடமும் படிக்கவில்லை. சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே வரி வரியாக அடிப்பாள். நான் காகிதம் சுருட்டுகிற சாக்கில் பின்னால் நின்று பார்ப்பேன்.

முதலாளி சி ரவூஃபுக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் ‘சி’ என்றால் ஐயா. பக்கத்து நகரமான மொனஸ்தீரில் இருந்து ஹாதெம் என்ற கம்ப்யூட்டர் ஆளை வரச் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவன் வந்து பார்ப்பான். ஒரு குறை கண்டுபிடித்தாலும் சர்வர் அவன் கைக்குப் போய்விடும், தலெந்தா அளவு வரைவதோடு சரி.

அன்றைக்குப் பார்த்துப் பத்தரை மணிக்குப் புது எம்பிராய்டரி இயந்திரம் வந்திறங்கியது. ஹாதெம் வருவதற்குள் அதையும் ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தன்னை எம்பிராய்டரி குழுவில் சேர்க்க அவசரமாக ஒரு வரி அடித்தாள். பிறகு, ‘தலெந்தா யார்?’ என்று கேட்கிற வரியை அடித்துப் பார்த்தாள். எம்பிராய்டரி என்று ஒரே ஒரு குழு வந்தது.

விதை கொறிப்பது நின்றது. “போச்சு. என்னை நானே வெளிய தள்ளிட்டேன்.”

‘ஏற்கெனவே இருப்பதோடு இதையும்’ என்று சொல்ல அந்த வரியில் ஒரு சின்னக் குறி உண்டு. அது இல்லாவிட்டால் ‘இது மட்டும்’ என்று ஆகிவிடும். குறியை விட்டுவிட்டாள். நிர்வாகிகள் குழு உட்பட அவள் ஏற்கெனவே இருந்த ஒன்பது குழுக்களும் ஒரே நொடியில் போய்விட்டன.

“திரும்பச் சேத்துக்க முடியாதாக்கா?”

“முடியும். இந்த ஜன்னல் இன்னும் என்னைப் பழைய ஆளாவே நம்பிட்டு இருக்கு. மூடினேன்னா நான் யாரோ. ஆனா எந்த ஒம்பது? வருஷக்கணக்கா ஒண்ணொண்ணா சேத்தது.” விரல் விட்டு எண்ணினாள். ஏழு வந்தது. “ரெண்டு ஞாபகம் வரலையே! மொத்தக் குழுவையும் கேட்டா அறுபது வரும். எதுல நான் இருந்தேன்னு அது எங்க சொல்லப் போகுது?”

சி ரவூஃபின் தலை கதவில் தெரிந்தது. “மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுச்சா? வந்துட்டான். அத மூடிட்டு எழுந்திரு.”

“ரெண்டு நிமிஷம், சி ரவூஃப். அவருக்குக் காப்பி குடுங்க.”

“நான் என்ன காப்பிக்கடையா வெச்சிருக்கேன்?” என்று முனகிக்கொண்டே போனார்.

எனக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் எப்போதும் பெயர் சேர்த்துத்தான் கேட்பாள். முதல் வாரம் அவள் என்னை அடித்துப் பார்க்க விட்டபோது, பெயர் அடிக்கத் தெரியாமல் வெறும் கேள்வியை அடித்தேன்; அப்போதும் பதில் வந்தது. அது எதைப் பார்த்துச் சொன்ன பதில்?

“அக்கா, பேர் போடாம கேட்டா என்ன சொல்லும்?”

“என்னடி?”

“பேர் போட்டா சர்வரோட ஏட்டுல இப்ப இருக்கறதச் சொல்லுது. பேர் போடாம ‘நான் யாரு’ன்னு கேட்டா... ஏட்டப் பாக்குமா, இல்ல இந்த ஜன்னல் நம்பிட்டு இருக்கறதச் சொல்லுமா?”

அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. தலெந்தா என்னையே பார்த்தாள். பிறகு இரண்டே எழுத்து அடித்தாள்.

ஒன்பது குழுக்களும் வரிசையாக வந்து நின்றன.

“பழைய வரைபடங்கள்! வாசல் பிரிண்டர்! அட, இந்த ரெண்டும்தான்!” என் கன்னத்தைக் கிள்ளினாள். “உனக்கு வாய் இருக்காடி?”

ஒன்பதையும் அடித்தாள். அவள் என்டரைத் தட்டும் முன்பு நான் திரையில் விரல் வைத்து அந்தச் சின்னக் குறி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. இன்னொரு ஜன்னல் திறந்து நுழைந்து, பெயர் போட்டும் போடாமலும் கேட்டோம். இரண்டு பதிலும் பத்து. அதற்குப் பிறகுதான் பழையதை மூடினாள்.

ஹாதெம் ஒல்லியான ஆள். ஹெல்மெட்டைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். தலெந்தா புதிதாக நுழைந்து காட்டினாள். யார் எதில் இருக்கிறார்கள், எந்த இயந்திரம் யாருக்குத் திறக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன.

“மேலோட்டமா பாத்தா போதாது தம்பி, தோண்டிப் பாரு,” என்றார் சி ரவூஃப்.

ஹாதெம் மேல்நோக்கும் அம்புக்குறியில் விரலை வைத்தான். மூடிய ஜன்னலில் அடித்தவை உட்பட, இதுவரை அடித்த வரிகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வரத் தொடங்கின. அவற்றை அழிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. தலெந்தா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பது பெயர் கொண்ட நீள வரி வந்தது. அடுத்து இரண்டெழுத்துக் கேள்வி. அதற்கடுத்து பெயரோடு கேட்டது. பிறகு, குறி இல்லாத அந்த வரி.

விரல் நின்றது. அவன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். தானும் எப்போதோ அதே குறியை விட்டு மாட்டிக்கொண்டவன் போல, கை தானாகப் பின்கழுத்துக்குப் போய்த் தடவியது.

“என்ன, தப்பு ஏதாச்சும் இருக்கா?” சி ரவூஃப் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்தார்.

ஹாதெம் கீழ்நோக்கும் அம்பைத் தட்டினான். வரிகள் ஓடி மறைந்து ஜன்னல் வெறுமையானது. ஹெல்மெட்டை எடுத்தான், நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினான்.

“யோவ், ஏதாவது சொல்லிட்டுப் போய்யா!”

அவன் யாருடைய முகத்தையும் பார்க்காமல், குறை என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் கதவைத் தாண்டிப் போய்விட்டான். சர்வர் தலெந்தாவிடமே இருந்தது.