கத்தாழைக்குக் கொடுத்த காடு

சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஜீப்பில் ஏறி வந்த செல்வராஜ் கெட்ட மனிதர் இல்லை. அவரைத் திட்டித் தீர்த்துவிட்டால் எங்கள் ஊருக்குச் சௌகரியமாக இருக்கும். எனக்கு அந்தச் சௌகரியம் வேண்டாம். நார் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்கு அவர் ஏஜெண்டு, அவ்வளவுதான். எழுபத்து நாலில் பெட்ரோல் விலை ஏறி, நைலான் கயிறு யானை விலை குதிரை விலை விற்றது. கடலுக்கு அப்பால் இருக்கிற நாடுகள் செடியில் எடுத்த நாரையே மறுபடியும் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்யத் தொடங்கின. இனி வருசா வருசம் ஏறுமுகம்தான் என்று செல்வராஜ் சொன்னார். நம்பித்தான் சொன்னார்.

மலைமேல் கரடியூருக்குக் கீழே சரிவில் இருந்தது எங்கள் ஊர். அந்த நார் எடுக்கிற ஆனைக் கத்தாழையை நாங்கள் வேலிக்கு நடுவோம். வேலியில் நிற்கிற முள்ளை விளைகிற காட்டுக்குள் கொண்டுவந்து நடச் சொல்கிறாரே என்று ஊர்க்கவுண்டர் ஐயாக்கண்ணு முதலில் சிரித்தார். என் தாய்மாமன் வெள்ளையன் சிரிக்கவில்லை. தன் காடு முழுவதையும் கத்தாழைக்குக் கொடுத்தார். கன்றும் இலவசம், குழி தோண்டக் கூலியும் உண்டு என்றதும் ஊர்க்கவுண்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு மழைக்காலத்துக்குள் சாமையும் ராகியும் விளைந்த சரிவெல்லாம் கத்தாழை.

என் அம்மா ஆராயிக்கு மட்டும் கன்று கொடுக்கவில்லை. அப்பா செத்த பிறகு அவளுக்கு மிஞ்சியது ஓடையோரத்துத் துண்டுக் காடு. அங்கே தண்ணீர் நிற்கும், கத்தாழை அழுகிப்போகும் என்று செல்வராஜ் தள்ளிவிட்டார். அம்மா மாமா வீட்டுக்குப் போய், தாலி இல்லாதவள் என்றுதானே ஒதுக்குகிறீர்கள் என்று அழுது ஆர்ப்பாட்டம் செய்தாள். பின்னால் நடந்ததை வைத்து அவளைப் பெரிய தீர்க்கதரிசி ஆக்கிவிடாதீர்கள். கன்று கிடைத்திருந்தால் முதல் குழியை அவள்தான் தோண்டியிருப்பாள். கிடைக்காத வயிற்றெரிச்சலோடு பழையபடி சாமையே விதைத்தாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விதை கேட்டு வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. விதையை விற்கவும் கூடாது. வாங்கியவர் அறுப்பு முடிந்ததும் அளந்து திருப்பிக் கொடுப்பார். இல்லை என்று சொன்னவர் காட்டில் அந்த வருசம் எதுவும் முளைக்காது என்று எல்லோருக்கும் பயம். நல்ல வழக்கம்தான். அதை நம்பித்தான் கத்தாழை நட்ட ஒவ்வொரு வீடும் விதைக் கூடையில் இருந்ததை உலையில் போட்டது. வேண்டும்போது பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். பக்கத்து வீடும் அதையேதான் நினைத்தது.

கத்தாழை வெட்டுக்கு வர நாலு வருசம் ஆனது. அதுவரை எல்லோரும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக் கடை அரிசி தின்றார்கள். முதல் வெட்டுக்குக் குப்பனூரில் நார் உரிக்க மிஷின் போட்டார்கள். மடலின் சாறு பட்ட இடமெல்லாம் அரிக்கும். ஊரே சொறிந்துகொண்டு, ஆனாலும் சந்தோஷமாகத் திரிந்தது. வெள்ளை வெளேரென்று நார் காய்ந்தது, லாரி வந்து ஏற்றிப்போனது. அடுத்த வெட்டுக்கு லாரி வரவில்லை. நார் மழையில் நனைந்து கறுத்துப்போனது.

செல்வராஜ் இந்த முறை பஸ்ஸில் வந்தார். ஆள் இளைத்திருந்தார். ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ஏனுங்க, அங்கெல்லாம் நார் வாங்கறது நின்னுபோச்சுங்க. இன்னைக்கு நேத்து நின்னதில்லீங்க. பத்துப் பதினஞ்சு வருசமாவே எறங்கிட்டேதான் இருந்துதுங்களாமா. நடுவுல ஏறுனது அந்த ஒரு வருசந்தானுங்க."

அந்த ஒரு வருசத்தில்தான் அவர் எங்களிடம் வந்திருந்தார். மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸும் வழியில் ஓரிடத்தில் கொஞ்சம் மேடு ஏறும். அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தவனுக்கு பஸ் மேலே போகிறது என்றுதான் தோன்றும். எங்கள் ஊர் மொத்தமும் அங்கேதான் ஏறியது. ஆத்திரப்பட்டு என்ன செய்ய, ஆனாலும் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

பட்டகாலிலேயே பட்டது. அந்த வருசம் காப்பி பூக்கப் பெய்கிற பூமழை தவறி எஸ்டேட்டில் காப்பியும் காய்க்கவில்லை. ஆள் வேண்டாம் என்று கணக்கு எழுதும் ரைட்டர் சொல்லிவிட்டார். கத்தாழையைப் பிடுங்கிவிட்டுச் சாமை விதைப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தது. விதைத்தால் ஊரில் இருக்கலாம். இல்லையென்றால் கீழே இறங்கிச் செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான். கடப்பாரை போட்டு நெம்பி, கை புண்ணாகி, ஆனி மழைக்குள் ஆளுக்கொரு துண்டைச் சுத்தம் செய்துவிட்டார்கள்.

முதல் மழை பெய்த மறுநாள் காலையில் மாமா கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர்க்கவுண்டர் வீட்டுக்குக் கிளம்பினார். பாதி வழியில் ஊர்க்கவுண்டரே எதிரில் வந்தார். அவர் கையிலும் கூடை.

"உன்ற ஊட்டுக்குத்தான் வெள்ளையா" என்றார் அவர்.

இரண்டு கூடையும் காலி. அதற்குள் அடுத்த வீட்டு வேடியப்பன் தன் கூடையோடு வந்துவிட்டார். மத்தியானத்துக்குள் ஊரில் எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போய்த் திரும்பியிருந்தார்கள். பக்கத்து ஊர்களிலும் இதே கதைதான். சேலத்துக் கடையில் சாமை கிடைக்கும், ஆனால் அது உமி நீக்கிய அரிசி, முளைக்காது.

விதை இருந்தது ஒரே வீட்டில். எங்கள் வீட்டில்.

நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். என்னைக் கட்டிக்கொடுத்த ஊரிலும் கத்தாழைதான். விதைக் கூடையைப் பரணில் ஏற்றிவிடு, இல்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அம்மா கூடையை இழுத்துவைத்து அளந்து பார்த்தாள். அவளுடைய துண்டுக் காட்டுக்குச் சரியாக ஒரு விதைப்புக்கு இருந்தது. அது போனால் எங்களுக்கும் சூளைதான்.

மாமா வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. அம்மா அவரிடம் நிதானமாகவே சொன்னாள்.

"அண்ணா, இந்த வருசம் நான் வெதைக்கறேன். இதுல வாரத அப்படியே ஊருக்குத் தாரேன். ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சா ஒருத்தரும் வெதைக்க முடியாதுண்ணா."

அன்றைக்கு அந்த ஊரில் பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள பேச்சு அது. மாமாவுக்கும் அது புரிந்தது. ஆனால் ராசாத்தி அத்தை, குழந்தைகள், அடுப்பு எரியாத வீடு, எல்லாம் அவர் முகத்தில் இருந்தது.

"வெதை கேட்டு வந்திருக்கறன் ஆராயி" என்றார்.

கூடப் பிறந்தவர் வழக்கப்படி வந்து நிற்கிறார். அம்மா கூடையை எடுத்துவந்தாள். அவருக்குக் கொடுத்த பிறகு ஊர்க்கவுண்டரை எப்படி மறுப்பது? அவருக்குக் கொடுத்த பிறகு வேடியப்பனை? பொழுது சாய்வதற்குள் கூடை காலியாகிவிட்டது. ஆளுக்கு ஒரு பிடி, இரண்டு பிடி. யாரையும் அவள் வெறுங்கையோடு அனுப்பவில்லை. எங்களுக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊரில் புகை எழும்பியது. பல நாளாகப் புகையாத கூரையெல்லாம் புகைந்தது. அம்மா எழுந்து மாமா வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். வாசலிலேயே சாமைக் கஞ்சி மணத்தது.

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் தட்டை வழித்துக்கொண்டிருந்தன. ஒரு பிடி விதையை வைத்து எந்தக் காட்டை விதைப்பார்கள் பாவம். அம்மா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட வேண்டும் என்று எனக்கு வெறியாகவே இருந்தது. அத்தை எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டாள். பிறகு, சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவர்களை உட்காரச் சொல்வதுதானே முறை, ஒரு தட்டை எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். தன் விதையை ஒரு வாய் குடித்தாள். தட்டை என் பக்கம் நகர்த்தினாள். நானும் குடித்தேன். ருசியாக இருந்தது. ருசியாக இருந்ததே என்றுதான் எனக்கு அழுகை வந்தது.

"இன்னுங் கொஞ்சம் இருந்தா ஊத்துங்க அண்ணி" என்றாள் அம்மா. "வயித்துப் புள்ளக்காரி. நாளைக்குச் சூளைக்கு நொம்ப தூரம் நடக்கோணும்."