கடைசி பெஞ்சுக்குக் கேட்கணும்

கோட்டுக்குள் அவர் கை நுழையவே மாட்டேன் என்றது. அவளும் விடவில்லை. உயிரோடு இருந்தபோதே ஒரு நல்ல சட்டை போட வைக்க ஆயிரம் தடவை சொல்ல வேண்டியிருந்த மனுஷன், இப்போது மட்டும் சொன்னபடி கேட்டுவிடுவாரா என்ன? மகன் தோளைத் தூக்கிப் பிடித்தான். ஒருவழியாகக் கோட்டு ஏறியது.

பிரசங்கப் பயிற்சிக்கென்று ஆசையாகத் தைத்த கோட்டு அது. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்ற கையோடு, ஊழியத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று இறையியல் கல்லூரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். வகுப்பிலேயே தலை நரைத்த மாணவர் அவர் ஒருவர்தான். நேற்று மதியம் கிரேக்க இலக்கணப் புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துப் போட்டபடி சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினார். அந்தப் புத்தகத்தைத் தொட்டாலே தூங்கிவிடுவது அவர் வழக்கம். அதனால் டீ ஆறிப்போகும் வரை அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அவர் படிக்கப் போனதற்கு அவள்தான் காரணம். மில்லில் தறிச் சத்தத்துக்கு நடுவே வேலை பார்த்ததில் அவளுக்கு ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, மற்றது அரைகுறை. கோயிலில் ஆயர் பேசுவதில் பாதிகூடக் காதில் விழாது. எப்படியும் கேட்கப் போவதில்லை, முன்னால் உட்கார்ந்து ஆயர் முகத்துக்கு நேரே கொட்டாவி விடுவானேன் என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்கு நடக்கும்போது அவர் நல்ல காதுப் பக்கம் வந்து, பஸ் இன்ஜின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரலில், பிரசங்கம் முழுவதையும் திருப்பிச் சொல்வார். ஆயர் சொல்லாத நகைச்சுவையும் சேர்ந்து வரும். "நீங்க சொல்றதுதான் நல்லாருக்கு. பேசாம நீங்களே போய்ப் படிச்சா என்ன?" என்று ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டாள். மனுஷன் அதையே பிடித்துக்கொண்டார்.

அங்கே அடக்க ஆராதனை நடத்தப் பழக்குகிற வகுப்பு ஒன்று உண்டாம். பிணமாக யார் படுப்பது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிவிட, இவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேசைமேல் ஏறிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வேலை இவருக்கே நிரந்தரமாகிவிட்டது. அதை வீட்டுக்கு வந்து பதவி உயர்வு மாதிரிப் பெருமையடித்தார். அவள் திட்டித் தீர்த்தாள்.

அந்த வகுப்பில் கீச்சு என்று ஒரு பெண். பட்டப்பெயர் இவர் வைத்ததுதான். படிப்பில் சூட்டிகை, ஆனால் ஆள் முன்னால் நின்றால் குரல் தொண்டையைவிட்டு வெளியே வராது. "நான் போனா கீச்சுதான் என்னை அடக்கம் பண்ணணும். என்னை வச்சுப் பழகின புள்ள" என்று ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவே சொன்னார். பேச்சை முடிக்கிற அவசரத்தில் அவளும் சரி என்றாள்.

அந்தச் சரிதான் இப்போது கழுத்தைப் பிடித்தது. மகனுக்குத் துளியும் சம்மதமில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தாலே மயங்கி விழுந்துவிடும் போலிருக்கிறது, அப்பாவின் அடக்கம் சிரிப்பாய்ச் சிரித்துவிடும் என்றான். ஆயர் நல்லவர். வேண்டுமானால் தானே எல்லாவற்றையும் நடத்துவதாகச் சொன்னார். கடைசியில் கீச்சுவே அடுப்படிக்கு வந்து, தன்னை விட்டுவிடச் சொல்லி அழுதது. ஆயரே நடத்தட்டும் என்று அவளுக்கும் உள்ளூர ஆசைதான். ஆயர் குரலாவது கொஞ்சம் கேட்கும். இன்றைக்கு அவரைப் பற்றிப் பேசப்போகிறார்கள். கேட்காமல் போனால், வீட்டுக்கு வரும் வழியில் திருப்பிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

"அழாத பாப்பா," என்றாள். "அவர்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். இனிமே மாத்திச் சொல்ல ஆளு இல்ல."

கோயிலில் குடும்பத்துக்கு முன்வரிசை ஒதுக்கியிருந்தது. அவள் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனாள். முன்னால் உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்று மகனிடம் சொல்லிவிட்டாள். அவனும் வேறு வழியில்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

கீச்சு பெட்டியின் தலைமாட்டில் புத்தகத்தோடு நின்றது. உதடு அசைவது தெரிந்தது, சத்தம் ஒன்றும் வரவில்லை. பக்கவாட்டில் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உதடும் நின்றுவிட்டது. அந்தப் பெண் பெட்டியையே பார்த்தது. பிள்ளைகளும் பெட்டியையே பார்த்தார்கள். மகன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆயரைப் பார்த்தான். ஆயர் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார்.

இவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"பாப்பா, சத்தமா. இங்க ஒண்ணும் கேக்கல."

பிள்ளைகள் வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அடுத்தவனால் அதுவும் முடியவில்லை. வரிசை முழுக்கத் தோள்கள் குலுங்கின, கண்ணிலிருந்து தண்ணீரும் ஓடியது. மகன் விறைத்துப்போய் எழப்போனான்.

கீச்சு நிமிர்ந்தது. இந்த முறை ஒரு சொல்கூடத் தவறாமல் அவள் காதில் விழுந்தது.

"அம்மா, வகுப்புல இந்த இடம் வந்ததும் ஐயா ஒத்தக் கண்ணைத் திறப்பாரு. 'பாப்பா, சத்தமா. என் வீட்டுக்காரி கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கா'ம்பாரு. ஒரு தடவைகூட விட்டதில்ல. இப்பவும் அதுக்குத்தான் நின்னுட்டேன்."

அவள் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிணமாய்ப் படுத்ததை ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷன், இதை மட்டும் மூச்சுவிடவில்லையே. அடப் பாவி மனுஷா! அழுகை வரும் என்று நினைத்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. பிறகு அழுகையும் வந்து சேர்ந்தது.

"சரி, படி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கீச்சு முதலிலிருந்து ஆரம்பித்தது. அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு குரல் எங்கே இருந்ததோ, ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. மகன் அவளுடைய நல்ல காதுப் பக்கம் குனிந்து, படிப்பதை அப்படியே திருப்பிச் சொல்ல ஆரம்பித்தான். அவள் அவன் தலையை மெல்ல விலக்கினாள்.

"கேக்குதுடா," என்றாள்.

பெட்டியை ஏற்றிப்போக வாசலில் காத்திருந்த வண்டியின் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.